தண்ணீர் வரிசையில் ஒரு சிரிப்பு

பிப்ரவரி 4 – நகராட்சி கொடுத்த முன்பணம்: 6,000
பிப்ரவரி 20 – கண்ணாடித் தாளில் அச்சு, முப்பத்திரண்டு படங்கள்: 960
மே 12 – தலைநகர் ஆவணக் காப்பகத்துக்குப் பதிவுத் தபால்: 38
மே 19 – அதே இடத்துக்குப் பதிவுத் தபால்: 38
மே 27 – அதே இடத்துக்கு மறுபடியும்: 38
ஜூன் 24 – டெலி லென்ஸ், ஒரு நாள் வாடகை: 500

இதில் முதல் இரண்டும் கடைசியும் தொழில் கணக்கு. நடுவில் இருக்கும் மூன்றும் பொறாமைக்கு ஆன செலவு.

கடைத்தெரு ஸ்டுடியோக்காரருக்கு ஊரில் வழங்கிய பெயர் 'அசையாதீங்க'. முப்பத்தைந்து வருடங்களாக அவர் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்த எல்லோரும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள். அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. முற்றுகை நடந்து ஊர் குண்டடி பட்டுக்கொண்டிருந்த மாதங்களில் அவர் வேறு ஊரில், ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் படம் கழுவிக்கொண்டிருந்தார். போர் முடிந்து, எல்லோருக்கும் புதிய அடையாள அட்டை கொடுக்க வேண்டும், படம் எடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டபோது ஒரு கேமராவும் ஒரு ஸ்டூலுமாக வந்து இறங்கினார். ஸ்டூல் அவருக்கே. ஆள் குட்டை.

அப்படி அட்டைக்குப் படம் எடுக்க வந்து உட்கார்ந்தவர்களில் ஒருத்திதான் அவர் மனைவி. அன்று அவளிடம் அவர் பேசியது இரண்டே வாக்கியம். "வாய மூடுங்க. அசையாதீங்க." முன்பற்களுக்கு நடுவில் அவளுக்கு ஒரு சந்து உண்டு. அரசாங்கப் படத்தில் பல் தெரியக் கூடாது என்பது விதி. அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் எடுத்த எந்தப் படத்திலும் அவள் வாய் திறந்ததில்லை. கல்யாணப் படத்திலும் இல்லை. கடற்கரையில் எடுத்த படத்திலும் இல்லை. படத்துக்குச் சிரிக்காத பெண் என்று அவர் தீர்மானித்து, அதோடு விட்டுவிட்டார்.

இந்த வருடத் தொடக்கத்தில் நகராட்சி நூலகத்து அம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்தார். முற்றுகைக் காலத்தில் ராணுவப் படப்பிரிவு ஊருக்குள் எடுத்த முப்பத்திரண்டு படங்களின் நகல், தலைநகர் ஆவணக் காப்பகத்திலிருந்து வந்திருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்த அதே இடத்தில் நின்று இன்றைக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, ஜூலையில், முற்றுகை விலகிய நாளில் கண்காட்சி.

"அதே இடம்னா ஏறக்குறையவா, இல்ல, அதே இடமா?" என்று கேட்டார் ஸ்டுடியோக்காரர்.

"உங்களால முடிஞ்ச அளவுக்கு."

"அப்ப அதே இடம்தான்."

வேலையின் சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை. பழைய படத்தைக் கண்ணாடித் தாளில் அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். படத்தில் முன்னால் இருக்கும் ஒரு பொருளையும் பின்னால் இருக்கும் ஒரு பொருளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பாலத்தின் கைப்பிடிக்குப் பின்னால் மணிக்கூண்டு எவ்வளவு தெரிகிறது? முழுதாகத் தெரிந்தால் இடப்பக்கம் தள்ளிப் போய்விட்டோம். மறைந்துவிட்டால் வலப்பக்கம். இப்படித் தள்ளித் தள்ளி, உயர்ந்து தாழ்ந்து, இரண்டும் படத்தில் இருப்பதுபோல ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கு வந்தால், அங்கேதான் அந்தப் படத்தை எடுத்த ஆள் நின்றிருக்கிறான். செருப்பு அளவுக்குச் சொல்லிவிடலாம்.

அந்த ஆளின் பெயர் யாருக்கும் தெரியாது. படங்களுக்குப் பின்னால் பிரிவின் முத்திரையும் தேதியும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தன. எல்லாம் ஒரே எண். ஒரே ஆள். இரண்டு மாதமாக அவன் கால் பதித்த இடத்திலேயே தானும் கால் பதித்து நின்றதில், ஸ்டுடியோக்காரருக்கு அந்த ஆள் மேல் பாசமே வந்துவிட்டது. பேரில்லாதவருக்கு அவராகவே ஒரு முறை வைத்தார். அண்ணன்.

"அண்ணன் இங்க நிக்கல, மாப்ள. இன்னும் கொஞ்சம் சுவரோரமா நின்னிருக்கார். குண்டு விழுற நேரத்துல நடுத்தெருவுலயா நிப்பார்?"

மாப்ள என்பது மனைவியின் தம்பி. நகராட்சியில் தெருவிளக்கு எலக்ட்ரீஷியன். ஏணி அவனுடையது என்பதால் இந்த வேலையில் அவனும் சேர்த்தி. முற்றுகையின்போது அவன் சின்னப் பிள்ளை, அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தான். ஆகவே அவனுக்கும் இந்த ஊர்ப் போர் கேள்விப்பட்டதுதான்.

"அண்ணனுக்குக் காலைச் சாப்பாடு யார் மாமா போட்டது, அதையும் நெகட்டிவ்ல பாத்துச் சொல்லுங்க" என்பான் ஏணியில் இருந்தபடி.

மே மாதம் பிறந்தபோது முப்பத்தொரு படம் முடிந்திருந்தது. முப்பத்திரண்டாவதை அவர் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார். மற்றவற்றில் எல்லாம் கட்டடம், பாலம், உடைந்த கூரை. இது ஒன்றில்தான் ஆள் முகம். மருந்துக்கடைத் தூணுக்குப் பக்கத்தில் அடிகுழாய் வரிசை. நடுவில் இடுப்பு வரை தெரிய ஒரு பெண். வாளியின் பிடியைக் கையில் பிடிக்காமல் முழங்கை மடிப்பில் மாட்டியிருந்தாள். கண் சுருங்க, தலை ஒரு பக்கம் சாய, வாய் முழுக்கத் திறந்து சிரிப்பு. முன்பற்களுக்கு நடுவில் சந்து.

ஸ்டுடியோக்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். மறுபடி எடுத்துப் பார்த்தார்.

வீட்டில் மனைவி தபால் நிலையத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெரிய தபால் நிலையத்தில் பதிவுத் தபால் பிரிவு அவளுடையது.

"இது நீதானே?"

அவள் வாங்கிப் பார்த்தாள். "அட, நான்தான்! எவ்வளவு ஒல்லியா இருந்திருக்கேன் பாருங்களேன்."

"எடுத்தது யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? என்ன எவனும் படம் புடிச்ச ஞாபகமே இல்ல."

"மூணடி தூரத்துல ஒருத்தன் கேமராவத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். நீ அவனப் பாத்து ஈன்னு இளிச்சுக்கிட்டு நிக்கிற. ஞாபகம் இல்லையாம்!"

"இளிக்கிறேனா?" அவள் படத்தை மேசைமேல் குப்புற வைத்தாள். "இந்தத் தினுசுல கேட்டா எனக்கு எதுவுமே ஞாபகம் வராது."

அன்றிலிருந்து அண்ணன் 'அவன்' ஆனான்.

இரண்டு மாதமாகப் பாசத்தோடு சேர்த்து வைத்த விவரமெல்லாம் இப்போது முள்ளாக மாறிக் குத்தியது. லென்ஸ் இருந்த உயரத்தை வைத்து ஆள் நல்ல உயரம் என்று கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டிருந்தார். ஆமாம், உயரமானவனாகத்தான் இருப்பான்! காலை வெளிச்சத்தில் எடுப்பது அவனுக்குப் பிடிக்கும் என்று புகழ்ந்திருந்தார். காலையில்தானே பெண்கள் தண்ணீருக்கு வருவார்கள்! மற்ற முப்பத்தொரு படங்களையும் பூதக்கண்ணாடி வைத்து மூலை மூலையாகத் துழாவினார். ரொட்டிக்கடை ஓரத்தில் ஒரு முழங்கை அகப்பட்டது. அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் புழுங்கினார். மூன்றாம் நாள் அது யாரோ ஒரு கிழவரின் முட்டி என்று தெரிந்தது. அதற்காக மனம் ஆறிவிடவில்லை.

அவரை அரித்தது அந்த ஆள் மட்டும் அல்ல. உயிர் எந்த நேரம் போகும் என்று தெரியாத தெருவில் நின்று ஒருத்தி இப்படிச் சிரித்திருக்கிறாள். தன் வீட்டில், மின்விசிறிக்கு அடியில், குண்டும் இல்லாமல் குறையும் இல்லாமல் முப்பத்து மூன்று வருடம் வாழ்ந்தவள், தன் கேமராவுக்கு ஒருமுறைகூட அதைத் தரவில்லை. அதை எப்படியாவது வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் முப்பத்திரண்டாவது படத்தைக் கண்காட்சியில் மாட்டுவதில்லை. முப்பத்தொன்றோடு நிறுத்திவிடுவது என்று மனதுக்குள் சபதமே போட்டுக்கொண்டார்.

ஆவணக் காப்பகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். முதல் கடிதத்தில், அந்தப் படக்காரரின் பெயரைத் தெரிவிக்கும்படி பணிவாகக் கேட்டார். இரண்டாவதில், உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். மூன்றாவதில், கல்யாணம் ஆனவரா என்றும் கேட்டுவிட்டார். மனைவி கண்ணில் படக்கூடாதென்று மூன்றையும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் சின்னத் தபால் நிலையத்தில் போட்டார். கடிதம் கிடைத்தது, உரிய இடத்துக்கு அனுப்பப்படும் என்று மூன்றுக்கும் ஒரே அச்சடித்த பதில் வந்தது.

ஜூன் முதல் வாரத்தில், பேச்சு பாதி நின்றுபோன நிலையிலும், மனைவியை மருந்துக்கடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். வாளி சகிதமாக. மூன்றடி தள்ளி ஸ்டாண்டைப் போட்டார்.

"சிரி."

அவள் பார்த்தாள்.

"சிரின்னா சிரிக்கணும். அன்னைக்குச் சிரிச்ச மாதிரி."

"அன்னைக்கு எவனும் சிரின்னு சொல்லலையே."

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன 'அசையாதீங்க', வீட்டம்மாவ வெயில்ல நிக்க வெச்சு தண்டனையா?"

"மாமா, நீங்க மொதல்ல சிரிங்க. அக்கா பயப்படுது" என்றான் மச்சான்.

அவள் வாளியை அவன் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இதற்கு நடுவில் இன்னொரு சிக்கல். படம் ஒட்டவில்லை. பழைய படத்தில் மருந்துக்கடைத் தூணுக்குப் பின்னால் குடிநீர்த் தொட்டி பிரம்மாண்டமாக, கடையின் தலையில் ஏறி உட்கார்ந்ததுபோல நின்றது. மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தால் அதே தொட்டி மூன்று தெரு தள்ளி, ஒரு டப்பா அளவுக்குத்தான் தெரிந்தது. இடப்பக்கம் போனார், வலப்பக்கம் போனார், தரையில் உட்கார்ந்தும் பார்த்தார். முப்பத்தொரு இடத்தைச் செருப்பு அளவுக்குக் கண்டுபிடித்தவர் அவர். தவறு அவர் பக்கம் இருக்க வழியே இல்லை. ஆகவே தவறு தொட்டியில்தான் இருக்க வேண்டும்.

குடிநீர் வாரிய அலுவலகத்துக்கே போய்விட்டார். "பழைய தொட்டிய இடிச்சிட்டுச் சின்னதா கட்டியிருக்கீங்க. எப்பக் கட்டினீங்க?"

பம்பு ஆபரேட்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சார், அதே தொட்டி. குண்டு பட்ட ஓட்டைய அடைச்சோம். வேற ஒரு செங்கல் கூட மாத்தல."

"படத்துல பெரிசா இருக்கே?"

"மாமா, துணி சுருங்கும். தொட்டி சுருங்குமா?" என்றான் மச்சான், ஆபரேட்டர் முகத்தைப் பார்க்காமல்.

ஸ்டுடியோக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். இருவரையும் விட்டுவிட்டு விடுவிடுவென்று நடந்தார். கடைத்தெருவுக்கு வந்து, மருந்துக்கடையைத் தாண்டி, இரண்டு பக்கமும் பார்க்காமல் தெருக்கோடிவரை போனார். அங்கே பழைய பள்ளிக்கூடக் கட்டடம், இப்போது துணி மொத்த வியாபாரம். அதன் வாசலில் நின்று, சாபம் கொடுப்பதுபோல ஒருமுறை திரும்பி மருந்துக்கடையைப் பார்த்தார்.

தொட்டி கடையின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்படியேதான் இருந்தது. கடையை விட்டுத் தள்ளிப் போகப் போகக் கடை சிறுக்கும், வெகுதூரத்தில் இருக்கும் தொட்டி அவ்வளவாகச் சிறுக்காது, இரண்டும் நெருங்கிவிடும். இது தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் கற்றுக்கொள்ளும் பாடம். முகம் பெரிதாகத் தெரிந்தால் ஆள் பக்கத்தில் நின்று எடுத்தான் என்று அர்த்தமில்லை. தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் போட்டுத் தெருக்கோடியிலிருந்தும் எடுக்கலாம். மற்ற முப்பத்தொரு படங்களிலும் முகத்தைப் பார்க்காமல் பின்னணியைப் பார்த்தவர், இந்த ஒரு படத்தில் பின்னணியைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்.

தூணின் உச்சியும் தொட்டியின் கால்களும் ஒட்டும் உயரத்தைக் கணக்குப் போட்டபோது, இடம் தெருவிலும் இல்லை. மாடி. துணிக்கடைக்காரரைக் கேட்டு மேலே போனார். மூன்றாவது சன்னலில் தாள் அச்சுக் கச்சிதமாக விழுந்தது. அங்கிருந்து பார்த்தால் மருந்துக்கடை வாசலில் நிற்பவர்கள் கட்டைவிரல் அளவு. அங்கிருந்து யாரும் அவர்களை அழைத்திருக்க முடியாது. போர்க்காலத்தில் சன்னலில் அடுக்கிய மணல் மூட்டைக்குப் பின்னால் மறைந்திருந்த ஒருவனை அவர்கள் பார்த்திருக்கவும் முடியாது.

மாடிப்படி இறங்கும்போது அவர் மனம் லேசாகிப் பறந்தது. கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து தோளில் உட்கார்ந்துகொண்டது. அப்படியானால் அவள் யாரைப் பார்த்துச் சிரித்தாள்?

அன்று மாலை வீட்டில் மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"அவன் உன் பக்கத்துலயே வரல. தெருக்கோடி மாடியிலேர்ந்து எடுத்திருக்கான்."

"எவனும் என்னப் படம் புடிக்கலன்னு அன்னைக்கே சொன்னேன். என் பேச்ச நம்பாம தொட்டி பேச்ச நம்பியிருக்கீங்க."

"தப்புதான்."

"மூணு பதிவுத் தபால் வேற."

அவர் திடுக்கிட்டார்.

"ஸ்டேஷன் ஆபீஸ்ல போட்டா? அங்க போடுற அத்தனை பதிவும் சாயங்காலம் என் மேசைக்குத்தான் வந்து சேரும். உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? மூணுக்கும் நான்தான் முத்திரை குத்தி அனுப்பினேன்."

அவர், காது வரைக்கும் சிவந்தபடி, "சரி. அப்ப யாரப் பாத்துச் சிரிச்ச?" என்றார். இந்த முறை அதட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"இத மொதல்லயே இப்படிக் கேட்டிருக்கலாம்" என்றாள் அவள். "ஒரு கண்டக்டர்."

"கண்டக்டரா?"

"பஸ்ஸெல்லாம் நின்னுபோச்சுல்ல. அவருக்கு வேலை இல்ல. ஆனா பைய மாட்டிக்கிட்டு, விசில வாயில வெச்சுக்கிட்டு டெய்லி அடிகுழாய்க்கு வந்துருவார். வரிசையில நிக்கிற எல்லாருக்கும் டிக்கெட் கிழிச்சுக் குடுப்பார். 'உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு. அடிகுழாய் ஸ்டாப் எறங்குங்க. வாளிக்கு அரை டிக்கெட்!' அப்படின்னுவார். தூரத்துல குண்டு விழுந்தா விசில் ஊதி, 'அது நம்ம ஸ்டாப் இல்ல, ஒக்காருங்க' அப்படின்னுவார்." சொல்லும்போதே அவள் குரல் வேறாக இருந்தது.

"பேரு?"

"தெரியாது."

"ஆளு எப்படி இருப்பான்?"

"விசிலுக்குப் பின்னால யாரு பாத்தா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பஸ் ஓட ஆரம்பிச்சுது. ஏறிப் போயிட்டார்."

பெயரும் முகமும் இல்லாத ஒருவன் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் என்று அடுத்த சில வாரங்களில் ஸ்டுடியோக்காரர் தெரிந்துகொண்டார். படக்காரனுக்காவது ஓர் எண் இருந்தது. இவன் ஊரில் எந்தப் பேருந்திலும் இருக்கலாம். பையன் வயதுக் கண்டக்டர்களைக்கூட முறைத்துப் பார்த்தார். ஒருத்தன் சில்லறை சரியாகக் கொடுத்தும் எண்ணிப் பார்த்து எண்ணிப் பார்த்து அவன் மானத்தை வாங்கினார்.

ஜூன் 24, பழைய படத்தின் பின்னால் இருந்த தேதி. நிழல் அதே நீளத்தில் விழ வேண்டும் என்பதால் அந்த நாளைத் தவறவிட முடியாது. பக்கத்து ஊரில் கல்யாண வீடியோக்காரர் ஒருவரிடம் டெலி லென்ஸ் வாடகைக்கு எடுத்து வந்து, துணி மூட்டைகளுக்கு நடுவில், மூன்றாவது சன்னலில் ஸ்டாண்டைப் போட்டார். கீழே மருந்துக்கடை வாசலில் மனைவி, முழங்கை மடிப்பில் வாளியோடு. "உன்ன எதுவும் சொல்ல மாட்டேன்" என்று வீட்டிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னாலும் அங்கே கேட்காது.

மச்சான் அவளுக்கு எதிரில் நின்று கண்ணை உருட்டினான், நாக்கைத் துருத்தினான், வாளியை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். லென்ஸ் வழியாக எல்லாம் ஓசையில்லாமல் தெரிந்தது. அவள் ஏதோ சொல்லி அவனைத் துரத்தினாள். அவன் போனதும் அவளுக்கு முன்னால் யாருமில்லை. அடிகுழாய் இருந்த இடத்தில் ஓர் இரும்பு மூடி, பக்கத்தில் இரண்டு சைக்கிள். அவ்வளவுதான்.

அவள் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ கையை நீட்டியதுபோல அவள் தலை கொஞ்சம் சாய்ந்தது.

"அசையாதே" என்று ஸ்டுடியோக்காரர் தன்னையறியாமல் முணுமுணுத்தார். நல்லவேளை, துணி மூட்டைகளுக்குத்தான் கேட்டது.

அவள் சிரித்தாள். கண் சுருங்கி, வாய் திறந்து, சந்து தெரிய.

அவர் அமுக்கினார். ஒன்று போதும். விரலை எடுத்த பிறகும் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தச் சிரிப்பு அவரிடம் வரவில்லை. அவர் இருந்த பக்கமே அது திரும்பவில்லை. முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் இதே சன்னலில் நின்ற ஆளுக்கும் இவ்வளவுதான் கிடைத்திருக்கும். இவ்வளவு தூரம், இவ்வளவு தெளிவு. கைக்கு மட்டும் எட்டவில்லை.

"நம்ம ரெண்டு பேரையுமே அவ பாக்கலண்ணே" என்றார் சன்னல் சட்டத்திடம்.

முப்பத்திரண்டு சோடியும் கண்காட்சியில் மாட்டப்பட்டன. கடைசிச் சோடிக்கு முன்னால் கூட்டம் நின்றது. தண்ணீர் வரிசையில் நின்ற ஞாபகம் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். கண்டக்டர் கதை தெரிந்த ஒரு கிழவி, "வாளிக்கு அரை டிக்கெட்!" என்று கத்த, நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். ஸ்டுடியோக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வரும் அறுபது வயது ஆண்களின் வாயில் விசில் ஊதும் களை இருக்கிறதா என்று கண்காட்சி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அகப்படவில்லை.

நூலகத்து அம்மாள் படங்களின் பிரதிகளை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு, மூன்று பதிவுத் தபாலுக்கும் சேர்த்து ஒரு பதில் வந்தது. அதை மனைவியே தன் பிரிவிலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து, பிரிக்காமல் அவர் மடியில் போட்டாள்.

கடிதம் அந்தப் படக்காரருடையது. உயிரோடுதான் இருந்தார். நடுங்கும் கையெழுத்து. நின்ற இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள், அந்தச் சன்னலில் இடது முழங்காலை ஒரு மூட்டையில் ஊன்றியிருந்தேன் என்று எழுதியிருந்தார். கல்யாணம் ஆகி, பேரன் பேத்தி எடுத்தாயிற்று என்று, கேட்டதற்கு வஞ்சமில்லாமல் பதில் சொல்லியிருந்தார். கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்தப் பெண் யாரைப் பார்த்துச் சிரித்தாள்? எனக்கு முன்னாலிருந்த மூட்டை மறைத்துவிட்டது. எட்டிப் பார்க்க அன்றைக்குத் தைரியம் இல்லை. எத்தனையோ படம் எடுத்தேன். இது ஒன்றில்தான், யாரோ ஒருவன் மேல் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது."

அவர் சத்தமாகப் படித்து முடித்தார்.

"எழுதிப் போட்டுடுங்க, பாவம்" என்றாள் மனைவி. "வயசானவரு."

ஸ்டுடியோக்காரர் கடிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து உறைக்குள் வைத்தார். "எழுதறேன். எழுதாம எங்க போறேன்? இத்தனை வருஷம் வயிறு எரிஞ்ச அண்ணன், இன்னும் ரெண்டு வாரம் எரியட்டும்."

அவள் சிரித்துவிட்டாள். சந்து தெரிந்தது. கேமரா கடையில் இருந்தது. யாரை நினைத்துச் சிரிக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தவர், எதற்கு வம்பு என்று மூடிக்கொண்டார்.

அந்தக் கடைசிக் கடிதம் வந்தது அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை.